கரண்ட் போகிற ஊரில் எந்த இன்குபேட்டர் வாங்கலாம்?

குஞ்சு பொரிக்கிற மெஷின் எது வாங்கலாம் என்று கேட்கிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள், தனித்தனியாகப் பதில் சொல்லி மாளவில்லை, அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன். வீட்டுப் பின்னால் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி வைத்திருப்பவர் பர்மாவில் ரங்கூன், தன்லின், பகோ, மோல்மேன் என்று எங்கே இருந்தாலும் என் பதில் ஒன்றுதான். 24 முட்டை மெஷின் போதும். அது 220 வோல்ட்டிலும் ஓட வேண்டும், 12 வோல்ட் பாட்டரியிலும் ஓட வேண்டும். உள்ளே ஃபேன் வேண்டும். மூடியைத் திறக்காமல் வெளியிலிருந்தே தண்ணீர் ஊற்ற ஓட்டை வேண்டும். மற்றபடி கலர் டிஸ்ப்ளே, நீல விளக்கு, மஞ்சள் குஞ்சு படம் போட்ட பெட்டி, இதெல்லாம் கடைக்காரருக்குத்தான் லாபம்.

ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்றால், இங்கே விற்கிற மெஷின்களில் பெரும்பாலானவை சீனாவிலிருந்து வருகின்றன, கரண்ட் நிற்காத வீட்டை மனதில் வைத்துச் செய்தவை. நம் ஊரில் கரண்ட்டுக்கு அட்டவணை உண்டு, ஆனால் அந்த அட்டவணையைக் கரண்ட் படிப்பதில்லை. 21 நாளும் 37.5 டிகிரியில் வைத்திருக்க வேண்டிய முட்டையை இப்படிப்பட்ட வீட்டில் வைக்கப் போகிறோம், அப்படியிருக்க 48 கொள்ளுமா 56 கொள்ளுமா என்று பார்த்து வாங்குவதில் என்ன இருக்கிறது? கரண்ட் போனால் இந்தப் பெட்டி என்ன செய்யும் என்பதுதான் முதல் கேள்வி. அது காட்டுகிற டிகிரியை நம்பலாமா என்பது இரண்டாவது கேள்வி. இரண்டுக்கும் பெட்டியின் மேல் பதில் எழுதியிருக்காது.

அடைக்கோழி இருக்கும்போது மெஷின் எதற்கு என்று எங்கள் பெரியம்மா இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். அவர் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது, நல்ல அடைக்கோழி பன்னிரண்டு முட்டை வைத்தால் ஒன்பது பத்துக் குஞ்சைக் கூட்டிக்கொண்டு வெளியே வரும், அதற்கு இன்வெர்ட்டரும் வேண்டாம் பாட்டரியும் வேண்டாம். ஆனால் நாட்டுக்கோழி பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும், மூன்று வாரம் அடை, அப்புறம் குஞ்சுகளோடு மேய்ச்சல், ஆக இரண்டு மூன்று மாதம் அந்தக் கோழியிடம் முட்டை எதிர்பார்க்க முடியாது. முட்டையை எடுத்து மெஷினில் வைத்துவிட்டு அடையைத் தெளிய வைத்தால் அதே கோழி சில வாரத்தில் மறுபடி இட ஆரம்பிக்கும். மெஷின் வாங்க இந்த ஒரு காரணம் போதும்.

சரி, ஏன் 24? கணக்கு சுலபம். இடுகிற பருவத்தில் எட்டுப் பெட்டைக் கோழி இருந்தால் ஒரு நாளைக்கு நாலு முட்டை கிடைத்தால் அதிர்ஷ்டம். ஒரு வாரத்துக்கு இருபத்தைந்து, இருபத்தெட்டு. அடை வைக்கிற முட்டை ஏழு நாளுக்கு மேல் பழசாகக் கூடாது, அதற்கு மேல் ஒவ்வொரு நாளும் பொரிக்கிற வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். 48 முட்டை மெஷினை நிரப்ப நினைத்தால், கடைசி முட்டை வருவதற்குள் முதல் முட்டைக்கு இரண்டு வாரம் ஆகிவிடும். பாதி காலியாக ஓட்டலாமே என்பீர்கள், ஓட்டலாம், ஆனால் பெரிய பெட்டியைச் சூடாக்கப் பாட்டரியும் பெரிதாக வேண்டும். சிலர் முட்டையை ஃபிரிட்ஜில் சேர்த்து வைக்கிறார்கள், அது 4 டிகிரி, கரு பலவும் செத்துவிடும். அதற்காக வெளியே சும்மா வைத்தாலும் சிக்கல், 20, 21 டிகிரியைத் தாண்டினாலே கரு மெதுவாக விழித்துக்கொண்டு அரைகுறையாக வளர ஆரம்பிக்கும். 15 முதல் 18 டிகிரிதான் நல்லது, நம் ஊரில் அதற்கு எங்கே போவது? மண்சட்டியில் ஈர மணல் போட்டு, அதன் மேல் துணி விரித்து, கூர் முனை கீழே இருக்கும்படி அடுக்கி, வீட்டில் குளிர்ச்சியான மூலையில் வையுங்கள். வெளியில் இருப்பதைவிட சில டிகிரி குறையும். அப்படியும் நாலைந்து நாளுக்குள் மெஷினில் ஏற்றிவிடுவது நல்லது.

இப்போது மெஷின்களுக்கு வருகிறேன். நான் கையாண்டவை மூன்று வகை.

முதலாவது, பத்துப் பன்னிரண்டு முட்டை கொள்கிற சின்ன வட்டப் பெட்டி, மேலே கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மூடி. விலை குறைவு, பார்க்க அழகு, பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் இந்த விலையில் வருகிறவற்றில் பலவற்றுக்கு ஃபேன் கிடையாது. ஃபேன் இல்லாவிட்டால் சூடு மேலே ஏறி நிற்கும், மூடிக்குப் பக்கத்தில் இருக்கிற சென்சார் ஒன்று காட்டும், முட்டை இருக்கிற தளத்தில் வேறொன்று இருக்கும். ஃபேன் உள்ள மெஷினில் 37.5 என்றால் எல்லா இடத்திலும் 37.5. ஃபேன் இல்லாததில் முட்டையின் மேல் பரப்பில் 38.5 வாக்கில் வைக்க வேண்டும், அப்போதுதான் முட்டைக்கு நடுவில் சரியாக இருக்கும். இதைக் கையேட்டில் யாரும் விளக்குவதில்லை. முட்டையையும் கையால்தான் திருப்ப வேண்டும், ஒரு பக்கம் பென்சிலால் பெருக்கல் குறி, இன்னொரு பக்கம் வட்டம் போட்டுக்கொண்டு தினமும் மூன்று தடவை அல்லது ஐந்து தடவை. ஒற்றைப்படை எதற்கென்றால், நீண்ட ராத்திரி முழுவதும் முட்டை ஒவ்வொரு நாளும் ஒரே பக்கமாகப் படுத்திருக்கக் கூடாது. காலையில் வேலைக்குப் போய் சாயங்காலம் திரும்புகிறவருக்கு இது ஒத்து வராது. காடை முட்டைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் இது போதும், குஞ்சு எடுத்து வளர்க்க நினைப்பவர் இதை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, உள்ளூரில் செய்கிற பெட்டி. மீன் வருகிற தெர்மாக்கோல் பெட்டி அல்லது பிளைவுட், அதில் சூட்டைக் கட்டுப்படுத்துகிற சீன தெர்மோஸ்டாட் போர்டு ஒன்று, கம்ப்யூட்டர் ஃபேன் ஒன்று, சூட்டுக்கு பல்பு அல்லது ஹீட்டர் கம்பி. பார்க்க ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும், ஆனால் எனக்கு இதன் மேல் மரியாதை உண்டு. தெர்மாக்கோல் சுவர் தடிமனாக இருப்பதால் கரண்ட் போனால் மெல்லிய பிளாஸ்டிக் மெஷினைவிட அதிக நேரம் சூடு பிடித்து வைத்திருக்கும். எது கெட்டாலும் பக்கத்து ரேடியோ ரிப்பேர்காரரே மாற்றிவிடுவார். குறை இரண்டு. பல்பு வைத்ததில், பல்பு ராத்திரி இரண்டு மணிக்குத்தான் ஃபியூஸ் ஆகும், அதனால் ஒரு பெரிய பல்புக்குப் பதில் இரண்டு சின்ன பல்பாகப் போடச் சொல்லுங்கள். இன்னொன்று கொஞ்சம் ஆபத்தானது: அந்த மலிவு போர்டில் ஹீட்டரைப் போட்டு அணைக்கிற ரிலே என்ற சுவிட்ச் சில சமயம் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் ஹீட்டர் அணையாது, காலையில் பார்த்தால் முட்டை அவிந்திருக்கும். குளிரை ஓரளவு தாங்குகிற கரு, 40 டிகிரியைத் தாண்டிய சூட்டைத் தாங்காது. இரண்டாவதாக ஒரு தெர்மோஸ்டாட்டை 38.5ல் கட்டாகும்படி வரிசையில் சேர்த்துக் கொடுக்கச் சொன்னால் செய்து தருவார்கள், அதிகச் செலவில்லை. ஒவ்வொரு தடவையும் குஞ்சு எடுத்தபின் தெர்மாக்கோலைக் கழுவுவதும் தலைவலிதான், துளைகளில் அழுக்கு போய் உட்கார்ந்துகொள்ளும், பிளீச்சிங் தண்ணீர் தெளித்து வெயிலில் காயவைத்தால்தான் வாடை போகும்.

மூன்றாவது, இப்போது நான் ஓட்டுவது, 24 முட்டை பிளாஸ்டிக் மெஷின், மூடி கண்ணாடி போல், தானாகத் திருப்புகிற தட்டு, 220 மற்றும் 12 வோல்ட். ஒரே மெஷின்தான் நாலைந்து பெயரில், ஸ்டிக்கர் மட்டும் மாறி வருகிறது, அதனால் பெயரைக் கேட்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கடையிலேயே செய்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. மெஷினைக் கரண்ட்டிலும் பாட்டரியிலும் ஒரே சமயத்தில் மாட்டச் சொல்லுங்கள், பிறகு சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்குங்கள். டிஸ்ப்ளே அணையாமல் தொடர வேண்டும். சில மெஷினில் 12 வோல்ட் ஓட்டை இருக்கும், ஆனால் தானாக மாறாது, நாம்தான் வயரை மாற்றிக் குத்த வேண்டும். ராத்திரி கரண்ட் போவது நமக்குத் தெரியவா போகிறது? பாட்டரியில் ஓடும்போது திருப்புகிற பட்டனை அழுத்திப் பாருங்கள். என் மெஷினில் ஹீட்டரும் ஃபேனும் பாட்டரியில் ஓடுகின்றன, திருப்புகிற மோட்டார் மட்டும் 220 வோல்ட் மோட்டார், கரண்ட் வந்தால்தான் அசையும். பெட்டியில் எழுதியிருப்பது என்னவோ இரட்டை மின்சாரம் என்று. கரண்ட் இல்லாத நேரத்தில் மெஷினையே மெதுவாகச் சாய்த்து, அடியில் ஒரு கட்டை வைத்து, அடுத்த தடவை மறுபக்கம் சாய்த்து வைக்கிறேன், வேலை நடக்கிறது, ஆனால் காசு கொடுத்து வாங்கியது இதற்கா என்று தோன்றும்.

இன்னொரு குறையையும் சொல்லிவிடுகிறேன். திருப்புவதற்கு உள்ளே ஒரு கடிகாரம் ஓடும், 120 நிமிடத்துக்கு ஒரு தடவை. கரண்ட்டும் பாட்டரியும் இரண்டும் இல்லாமல் மெஷின் முழுதாக அணைந்து எழுந்தால் அது பழையபடி 120லிருந்து எண்ண ஆரம்பிக்கிறது. எத்தனையாவது நாள் என்பதையும் சில மாடல் மறந்துவிடும். அதனால் நாள் கணக்கை மெஷினிடம் விடாதீர்கள். சுவரில் தொங்குகிற தினசரிக் காலண்டரில் 7, 14, 18, 21 நாலுக்கும் அடையாளம் போட்டுவிட்டால் போதும்.

பாட்டரிதான் விஷயமே. மெஷின் விலையைவிட பாட்டரி விலை அதிகமாகும், அதற்குத் தயாராகிக்கொண்டு கடைக்குப் போங்கள். லேபிளில் 80 வாட் என்று போட்டிருந்தால் அது ஹீட்டர் எரியும்போது மட்டும். 28, 30 டிகிரி இருக்கிற நம் வீட்டு அறையில் ஹீட்டர் மூன்றில் ஒரு பங்கு நேரம்தான் எரியும், ஆக சராசரி 25லிருந்து 30 வாட். எட்டு மணி நேரத்துக்கு 200 முதல் 240 வாட் மணி. 12 வோல்ட் 50 ஆம்பியர் மணி லெட் ஆசிட் பாட்டரி காகிதத்தில் 600, ஆனால் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும், எனவே 300 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ராத்திரிக்குச் சரியாக இருக்கும், மிச்சம் கொஞ்சம்தான். லித்தியம் என்றால் அதே அளவில் 480 வரை எடுக்கலாம், விலைதான் வலிக்கும். மோட்டார் சைக்கிள் பாட்டரி போதுமா என்று ஒரு தம்பி கேட்டார். 5 ஆம்பியர் மணி பாட்டரியில் உருப்படியாகக் கிடைப்பது 30 வாட் மணி, ஒரு மணி நேரம் ஓடும், அவ்வளவுதான். சார்ஜரையும் கவனியுங்கள். கரண்ட் வருகிற நாலு மணி நேரத்துக்குள் 20 ஆம்பியர் மணியைத் திருப்பி ஏற்ற வேண்டும், 2 ஆம்பியர் சார்ஜர் வைத்துக்கொண்டு அது நடக்காது, 10 ஆம்பியர் வேண்டும். 100 வாட் சோலார் தகடு வைத்திருப்பவர் கோடையில் ராஜா, ஆடி ஆவணி மழையில் அதுவும் படுத்துவிடும்.

இன்வெர்ட்டர் வைத்து 220 ஆக்கி ஓட்டுகிறவர்களும் உண்டு. மலிவு இன்வெர்ட்டரில் திருப்புகிற மோட்டார் உறுமும், சூடாகும், இன்வெர்ட்டர் தானும் கொஞ்சம் சாப்பிடும். நேராக 12 வோல்ட்டில் ஓட்டுவதே சிக்கனம். சிவப்பு, கறுப்பு வயரை மாற்றிக் கொடுத்துவிட்டால் போர்டு போய்விடும், அதில் மட்டும் கவனம். கரண்ட் திரும்பி வரும்போது ஏறி இறங்கித்தான் வரும், அதனால் ஒரு சின்ன ஸ்டெபிலைசரைத் தாண்டித்தான் மெஷினுக்குப் போக வேண்டும்.

பாட்டரி வாங்க வழியில்லை என்றால்? மெஷின் வாங்குவதைத் தள்ளிப் போடுங்கள் என்பேன், ஆனால் வாங்கியாகிவிட்டது என்றால் இதைச் செய்யலாம். கோழியே தினமும் பதினைந்து இருபது நிமிடம் எழுந்து போய்த் தின்றுவிட்டு வருகிறது, முட்டை தாங்குகிறது. முதல் வாரக் கரு இரண்டு மூன்று மணி நேரக் குளிர்ச்சியைப் பொறுத்துக்கொள்ளும், மெஷினைப் போர்வையால் சுற்றி, பக்கத்தில் வெந்நீர் பாட்டில் வையுங்கள். 15 நாளுக்கு மேல் ஆன முட்டை வேறு கதை, உள்ளே குஞ்சு மூச்சு விடுகிறது, தானே சூடும் தருகிறது, காற்று ஓட்டையை அடைத்துப் போர்த்தினால் குளிரில் சாகாததை மூச்சடைத்துக் கொன்றுவிடுவோம். இப்படித் தடவித் தடவி ஓட்டினால் குஞ்சு 22, 23ம் நாள் வரை இழுக்கும், எண்ணிக்கையும் குறையும்.

அடுத்தது டிகிரி. மெஷின் 37.5 என்று காட்டினால் நம்பாதீர்கள். பல மெஷின்கள் தொழிற்சாலையிலிருந்தே 38 என்று செட்டாகி வருகின்றன, அதற்கு மேல் சென்சார் வேறு அரை டிகிரி, முக்கால் டிகிரி பொய் சொல்லும். சரிபார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம், காய்ச்சல் பார்க்கிற டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். 35க்கும் 42க்கும் நடுவில் அதைவிடச் சரியான ஒன்று வீட்டில் கிடையாது. ஃபிளாஸ்கில் மிதமான வெந்நீரை ஊற்றி, குளிர்ந்த நீர் கலந்து கலந்து, தெர்மாமீட்டரை ஒவ்வொரு தடவையும் அணைத்துப் போட்டு, அது 37.5 காட்டும்வரை கொண்டு வந்து, மெஷினின் சென்சார் முனையை, அந்தச் சின்ன உலோகக் குப்பியை, அதே தண்ணீரில் தெர்மாமீட்டர் பக்கத்தில் நனைத்துப் பாருங்கள். தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். டிஸ்ப்ளே 38.1 காட்டினால் 0.6 அதிகம் சொல்கிறது என்று அர்த்தம், செட்டிங்கில் சிஏ (CA) என்று சென்சாரைத் திருத்துகிற ஒன்று வரும், அதில் 0.6 குறைத்துவிட்டால் முடிந்தது. வாங்கிய அன்றே இதைச் செய்து, முட்டை வைக்காமல் ஒரு நாள் முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள். ஈரம் காட்டுகிற எண்ணுக்கும் ஒரு சோதனை உண்டு: சோற்று உப்பை ஒரு மூடியில் போட்டு, சொதசொதவென்று ஆகும் அளவுக்குத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து ஒரு டப்பாவில் இறுக்கி மூடி வைத்தால் சில மணி நேரத்தில் உள்ளே 75 சதவீதத்தில் வந்து நிற்கும். தனி ஈரமானி வாங்கி இப்படிச் சோதித்து உள்ளே வைப்பது நல்லது, மெஷினில் காட்டும் ஈரம் பெரும்பாலும் வெறும் அலங்காரம்.

ஈரம் பற்றிக் கையேட்டில் இருப்பது நம் மழைக்காலத்துக்குப் பொருந்தாது, இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஓட்டுக்குள்ளேயே செத்த குஞ்சுகளுக்கு இங்கே முக்கியக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். முதல் 18 நாளுக்கு 45 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாளுக்கு 65 முதல் 70. கையேடு முதல் நாளே தண்ணீர் ஊற்று என்கிறது. ஜூலை மாதத்தில் ரங்கூன் காற்று 27 டிகிரி, 90 சதவீத ஈரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதே காற்று மெஷினுக்குள் போய் 37.5க்குச் சூடானால் 50 சதவீதமாக இறங்கி நிற்கும். அதாவது தண்ணீரே ஊற்றாமல் நமக்கு வேண்டியது கிடைத்துவிடுகிறது, அதன் மேலும் தண்ணீர் ஊற்றினால் முட்டையிலிருந்து நீர் வெளியேறாது, அகல முனையில் காற்றறை பெரிதாகாது, குஞ்சு ஊதிப்போய் திரும்ப இடமில்லாமல் உள்ளேயே முடிந்துவிடும். ஜனவரியில் தலைகீழ். 25 டிகிரி, 60 சதவீதக் காற்று உள்ளே போனால் 30 சதவீதத்துக்கும் கீழே வந்துவிடும், அப்போது தண்ணீர் கட்டாயம். எண்ணை நம்பப் பிடிக்காதவர் தராசை நம்பலாம். 18 நாளில் முட்டை 11 முதல் 13 சதவீதம் எடை குறைய வேண்டும், 50 கிராம் முட்டை 44 கிராம் வாக்கில் இருந்தால் ஈரம் சரி. நகை நிறுக்கிற சின்ன டிஜிட்டல் தராசு போதும்.

ஏப்ரலில் வைக்கவே வைக்காதீர்கள். இந்த மெஷின்களுக்குச் சூடாக்கத் தெரியும், குளிர வைக்கத் தெரியாது. தகரக் கூரை வீட்டில் மதியம் அறையே 38, 39க்குப் போனால் ஹீட்டர் அணைந்து அலாரம் அடித்துக்கொண்டு, ஃபேன் சூட்டுக் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும். பர்மியப் புத்தாண்டான திஞ்ஞான் வருகிற மாதத்தில் ஊரே தண்ணீர் ஊற்றிக்கொண்டு இருக்கும்போது மெஷினுக்கும் லீவு கொடுத்துவிடுங்கள். மற்ற மாதங்களிலும் சிமென்ட் தரை, வெயில் படாத பக்கம், ஜன்னலுக்கு நேராக இல்லாத இடம், இவ்வளவு பார்த்தால் போதும்.

முட்டை விஷயத்தில் ஒன்று மட்டும். கடை முட்டையை வைத்துவிட்டு மெஷின் சரியில்லை என்று சொல்கிறவர்களை என்ன செய்வது? முட்டைப் பண்ணையில் சேவல் கிடையாது, அது பொரிக்காது. எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் வேண்டும், அதுவும் துடியான சேவலாக. முட்டையைக் கழுவவும் கூடாது, மேலே இருக்கிற மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே போகும். அழுக்கு அதிகமானதை ஒதுக்கிவிடுங்கள்.

ஏழாம் நாள் இருட்டறையில் செல்போன் டார்ச்சை அகல முனையில் ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். மெஷினோடு வருகிற வெளிச்சம் மங்கல், அதைத் தொடவே வேண்டாம். கரு பிடித்திருந்தால் உள்ளே சிவப்பு நரம்புகள் எட்டுத் திசையிலும் கிளை விட்டிருக்கும், நடுவில் கருப்பாக ஒரு புள்ளி, கொஞ்ச நேரம் அசையாமல் பிடித்திருந்தால் அந்தப் புள்ளி லேசாகத் துள்ளும். ஒன்றுமில்லாமல் மஞ்சளாகத் தெளிவாக இருந்தால் கூமுட்டை. நரம்பு இல்லாமல் ரத்தம் மோதிரம் போல் ஒரு வட்டமாக நின்றால் வளர்ந்து செத்தது. இரண்டையும் எடுத்துவிடுங்கள், உள்ளே கிடந்து அழுகி வெடித்தால் மெஷின் முழுக்க நாறும், மற்ற முட்டைக்கும் கிருமி.

18ம் நாள் திருப்புகிற தட்டைக் கழற்றிவிட்டு அடியில் சொரசொரப்பான துணியோ வலையோ விரியுங்கள். வழவழப்பான பிளாஸ்டிக்கில் குஞ்சு எழுந்து நிற்கப் பார்த்தால் கால் இரண்டு பக்கமும் விரிந்துகொள்ளும். தண்ணீரை இப்போது நிறைய ஊற்றலாம், வெளி ஓட்டை எதற்கு என்று கேட்டவர்களுக்கு இங்கேதான் பதில். ஓட்டில் முதல் விரிசல் விழுந்ததிலிருந்து குஞ்சு வெளியே வர ஒரு நாள்கூட ஆகலாம், அதுவரை மூடியைத் திறக்கக் கூடாது, திறந்தால் ஈரம் ஓடிவிடும், சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும். எங்கள் வீட்டில் இதற்குத்தான் சண்டை.

“பாவம்டா, கத்துது, நகத்தால லேசா கீறி விட்டா வந்துடும்.”

“வேண்டாம் பெரியம்மா, சவ்வுல இன்னும் ரத்தம் ஓடிட்டிருக்கும், கிழிஞ்சா போயிடும்.”

“அப்போ கோழி கொத்தி விடலையா?”

கோழி பெரும்பாலும் கொத்தி விடுவதில்லை, அடியில் கதகதப்பாக ஈரமாக வைத்திருக்கிறது, அவ்வளவுதான், ஆனால் இதைப் பெரியம்மாவிடம் நிரூபிக்க எனக்குத் தைரியம் இல்லை. பொரித்த குஞ்சுக்கு உடனே தீனி வேண்டாம், வயிற்றுக்குள் இழுத்துக்கொண்ட மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும், உடம்பு காய்ந்து பஞ்சு மாதிரி ஆனதும் எடுத்தால் போதும். வெளியே எடுத்தபின் முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி, பிறகு வாரம் மூன்று டிகிரியாகக் குறைக்கலாம். அதற்கும் கரண்ட் வேண்டும், இதை யாரும் மெஷின் வாங்கும்போது யோசிப்பதில்லை. அடைக்கோழி ஒன்று அதே சமயத்தில் குஞ்சு பொரித்திருந்தால் ராத்திரி மெல்ல அதன் அடியில் தள்ளிவிடலாம், பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும்.

கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் வாங்கிய கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை, நகரத்தில் எலெக்ட்ரிக் சாமான் விற்கிற கடைதான். வாங்கும்போது ஆறு மாத வாரண்டி என்று வாயால் சொன்னார்கள், மழைக்காலத்தில் போர்டுக்குள் பல்லி புகுந்து ஷார்ட்டாகி எடுத்துக்கொண்டு போனபோது எலெக்ட்ரானிக் பகுதிக்கு வாரண்டி இல்லை என்று ரசீதின் பின்பக்கத்தைக் காட்டினார்கள். கடைசியில் தன்லினில் ரேடியோ ரிப்பேர் செய்கிற பர்மாக்கார அண்ணன்தான் ரிலேயை மாற்றிக் கொடுத்து, காற்றுத் துளைகளில் கொசுவலைத் துண்டு ஒட்டியும் கொடுத்தார், பல்லிக்கு. நீங்களும் வாங்கிய அன்றே அதை ஒட்டிவிடுங்கள், ஆனால் காற்று போகிற மாதிரி. ஸ்பேராக ஒரு ஃபேனும் ஒரு சென்சாரும் மெஷினோடு சேர்த்தே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், எல்லையில் சரக்கு நின்றுவிட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காது. விலை எழுதவில்லை என்று கோபப்படாதீர்கள், டாலர் விலை போகிற போக்கில் இன்று எழுதும் கியாட் கணக்கு அடுத்த வாரம் பொய்யாகிவிடும். நாலு இடத்தில் கேட்டுவிட்டுப் போங்கள், ஆன்லைனில் படம் மட்டும் பார்த்து வாங்காதீர்கள், பிளக்கைப் பிடுங்கிப் பார்க்கிற சோதனையைப் படத்தில் செய்ய முடியாது.

வாத்து முட்டை வைக்கலாமா என்று ஐராவதி டெல்டா பக்கத்திலிருந்து கேட்கிறார்கள். வைக்கலாம், அதே 37.5தான், ஆனால் 28 நாள், முட்டை பெரிது என்பதால் 24 தட்டில் அவ்வளவும் உட்காராது, ஈரமும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். மணிலா வாத்து (மஸ்கோவி) என்றால் 35 நாள். 35 நாளுக்குப் பாட்டரிக் கணக்கு போட்டுப் பார்த்துவிட்டு நான் அந்த வேலையை வாத்திடமே விட்டுவிட்டேன், அது நன்றாகவே அடை உட்காரும்.